பல்லு வலிக்குத் தாழம்பூ

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியாதா? முழங்கால், சர்க்கரை, மருமகள். போன மாதம் மகன் குடும்பத்தோடு வாசலூர்பட்டி படகுக் குழாமுக்குப் போயிருந்தேன். அவர்கள் எல்லாரும் படகில் ஏறிவிட்டார்கள். நான் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். பக்கத்தில் என் வயது அம்மா ஒருவர், அவரும் செருப்புக் காவல்தான். தலைவலித் தைலம் இருக்கிறதா என்று கேட்டார்.

என் கைப்பையில் தைலம் இல்லாமல் போகுமா? ஆனால் தேடினால் கிடைக்குமா? மடியில் கவிழ்த்தேன். மூட்டுவலிக் களிம்பு, பிரஷர் மாத்திரை அட்டை, ஆதார் நகல், பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி, எதற்கும் இருக்கட்டும் என்று மடித்து வைத்த துணிப்பை, ஊக்கு மாட்டிய இன்னொரு ஊக்கு, பஸ்ஸில் யாரோ கொடுத்த பிசுபிசுத்த மிட்டாய். கடைசியாகச் சுண்டுவிரல் அளவில் ஒரு கண்ணாடிப் புட்டி. அந்த அம்மா தைலத்தை விட்டுவிட்டுப் புட்டியை எடுத்தார். திறந்து முகர்ந்தார்.

"தாழம்பூ அத்தருங்களா? இது எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

"பல்லு வலிக்குங்க" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் என் வாயைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அதற்குள் படகு வந்துவிட்டதால் விளக்கம் சொல்ல முடியவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆன வருஷம் அது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்கள் ஊர் மலைமேல் எடப்புளி நாட்டில், காப்பிச் செடிக்கு நடுவே புல் வேய்ந்த வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற ஊர். அண்ணியின் குடும்பமும் மலைக்காரர்கள்தான். ஆனால் எப்போதோ அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி அங்கேயே காடு திருத்திக்கொண்டவர்கள். அண்ணி துறையூரில் ஆஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். அந்தப் படிப்போடு அவள் கொண்டுவந்த சீதனம் ஒரு கைப்பை.

கல்யாணத்துக்கு அவர்கள் அடிவாரத்திலிருந்து காட்டு வழியில் நடந்தே மேலே ஏறி வந்தார்கள். அண்டா ஒருவர் தலையில், பெட்டி ஒருவர் தலையில், அரிசி மூட்டை ஒருவர் தலையில். கூறைப் புடவைக்காரியின் முழங்கையில் மட்டும் ஒரு கறுப்பு ரெக்சின் பை தொங்கிக்கொண்டு வந்தது. மேலே பித்தளையில் இரண்டு குமிழ். ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால் 'டிக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பை எதுக்குக் கண்ணு? இங்க பஸ்ஸா ஓடுது?" என்று கேட்டாள் அம்மா.

"சும்மாதானுங்க அத்தை" என்றாள் அண்ணி.

சும்மா என்று சொன்னால் ஊர் விடுமா? அண்ணி தண்ணீருக்குப் போனாலும் மிளகு பறிக்கப் போனாலும் பை உள்ளறைச் சுவரில் ஆணியில் தொங்கும். வேலை முடிந்து வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். 'டிக்' என்று திறப்பாள். முகத்தை அப்படியே பைக்குள் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி இதைக் கண்டுவிட்டு, "பைக்குள்ள தலைய உட்டு அழுவுதுங்க உங்க மருமவ. துணிமணியெல்லாம் எடுத்து வெச்சு ரெடியாத்தான் இருக்குது. என்னைக்கு எறங்கி ஓடப்போவுதோ" என்று அம்மாவின் காதில் போட்டாள்.

மடித்த ஒரு ஜாக்கெட்கூட அந்தப் பைக்குள் போகாது. இதை யாரும் யோசிக்கவில்லை. பெரியவர்களுக்கு யோசிக்க நேரம் எங்கே, ஊகம் செய்யவே பொழுது சரியாக இருக்கும். நமக்கும் இப்போது அப்படித்தானே இருக்கிறது.

உள்ளே என்ன இருந்தது என்று அந்த மலையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் பேன் பார்த்துவிட்ட ஒருநாள் அண்ணியே திறந்து காட்டினாள். வட்டக் கண்ணாடி, ஒரு பல் போன சீப்பு, பூத்தையல் போட்ட கைக்குட்டை, காகிதத்தில் மடித்த பவுடர், கொண்டை ஊசி, மூடி இல்லாத பேனா, துறையூர் பஸ் டிக்கெட் ஒன்று. டிக்கெட் எதற்கு என்று கேட்டேன். "கசங்காம இருந்துச்சு கண்ணு, போட மனசு வரல" என்றாள். நமக்கெல்லாம் புரிகிற காரணம்தான்.

அப்புறம் பஞ்சில் சுற்றிய சின்னப் புட்டி. கண்ணாடியிலேயே மூடி, குச்சியாக உள்ளே இறங்கியிருக்கும். ஆஸ்டலை விட்டு வருகிற அன்று தோழிகள் சேர்ந்து அத்தர் பாய் கடையில் வாங்கிக் கொடுத்ததாம். பஞ்சில் ஒரு துளி தொட்டு என் கையில் கொடுத்தாள். நான் உடனே மூக்கில் அப்பிக்கொள்ளப் போனேன்.

"இரு கண்ணு. உடனே மோந்தா அது மூக்கைக் குத்திட்டுப் போயிரும். கொஞ்சம் ஆறட்டும்."

காத்திருந்து முகர்ந்தேன். முதலில் பச்சை மடலைக் கிழித்த மாதிரி ஒரு காரம். அது அடங்கியதும் அடியிலிருந்து தித்திப்பு வந்தது. விளையாடிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தால் இரண்டும் போய், பெட்டியில் வைத்த பட்டுச் சேலையின் வாசம். ஒரு துளிக்குள் இத்தனை பேர் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எந்த வாசனையையும் நான் முதல் மூச்சில் நம்புவதில்லை.

அண்ணி அதை உடம்பில் பூசிக்கொள்ளவே இல்லை. காரணம் அம்மா. வந்த மறுநாளே அம்மா சொல்லிவிட்டாள். "சென்ட்டு கின்ட்டெல்லாம் கீழ்நாட்டோட சரி கண்ணு. இங்க காடெல்லாம் தேன்கூடு. மணக்க மணக்கப் போனா பூச்சி மூஞ்சியக் கொதறிப் போட்டுரும். அந்தப் பழக்கத்தை விட்டுப்போடு." அண்ணி "சரிங்க அத்தை" என்று தலையாட்டினாள். கொடுத்த வாக்குக்கு ஒரு குறையும் வராமல், தான் பூசிக்கொள்வதற்குப் பதில் பைக்குப் பூசிவிட்டாள். சாயங்காலம் முகத்தை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். அழுகையாம்.

அண்ணியின் பையைப் பற்றி இவ்வளவு பேசிய ஊர், அம்மாவின் இடுப்பில் இருந்த சுருக்குப் பையைப் பற்றிப் பேசியதே இல்லை. அதுவும் பைதானே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, புகையிலை, திருநீறு, ஊக்கு, காது குடைகிற கோழி இறகு எல்லாம் அதற்குள். அப்பாகூட அதில் கை விட்டதில்லை. பாக்கு வேண்டும் என்றால் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

மிளகு பறிப்பு மும்முரமாக நடந்த ஒரு மத்தியானம். அம்மா மட்டும் சமைக்க வீட்டில் இருந்தாள். நாங்கள் எல்லாம் காட்டிலிருந்து சாப்பிட வந்தோம். அப்பா உள்ளறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னமோ மணக்குது."

"சோறுங்க" என்றாள் அம்மா.

"சோறு இல்ல. பூவாட்டம் மணக்குது. தாழம்பூவாட்டம்."

தாழம்பூ எங்கள் ஊரில் கிடையாது. அடிவாரத்து ஓடையோரத்தில் உண்டு என்பார்கள். எங்கள் வீட்டுக்குள் அது மணக்க வழியே இல்லை. அம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே, திரும்பாமல், "பாம்பு கீம்பு இருக்குமோ என்னமோங்க" என்றாள்.

இந்த ஒரு சொல் போதும். தாழம்பூ வாசம் இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கும் என்பது நம் பக்கத்தில் எல்லாரும் நம்புவதுதானே. பூ இல்லாமல் வாசம் மட்டும் வந்தால்? அப்படியானால் பாம்பேதான் மணக்கிறது என்று முடிவாயிற்று. சோறு ஆறிப்போனது. அப்பா ஓடிப்போய் பெரியப்பாவைக் கூட்டி வந்தார்.

பெரியப்பா எங்கள் குடும்பத்துக்கு மூத்தவர். எந்த விஷயத்திலும் அவருக்குத் தெரியாதது கிடையாது, தெரிந்ததும் அவ்வளவாகக் கிடையாது. வாசலில் நின்று மூக்கைத் தூக்கி, கண்ணை மூடி, "நல்ல பாம்பு. வயசானது. ஜோடியா இருக்குது" என்றார். மோந்து பார்த்தே வயது சொன்ன மனிதரை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

பூண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்து வீடெல்லாம் தெளித்தார்கள். தாழம்பூவும் பூண்டும் கலந்த வாசத்தை நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம், சோறு இறங்காது. ஒரு கிண்ணத்தில் பால் வைத்தார்கள். காலையில் கிண்ணம் காலி. "குடிச்சுப்போட்டுப் போயிருக்குது பாத்தீங்களா" என்றார் பெரியப்பா. மீசையை நக்கிக்கொண்டு பூனை அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தது.

அன்று அண்ணி என்னைக் காப்பிச் செடி மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். 

"பாம்பு இல்ல கண்ணு. என் அத்தர்தான். புட்டியில பாதியக் காணோம். மூடி நழுவி ஒழுகியிருக்கோணும்."

"அப்பச் சொல்லிருங்க அண்ணி."

"எப்படிச் சொல்றது? விட்டுட்டேன்னு அத்தைகிட்டத் தலையாட்டியிருக்கேன். இத்தன நாளு பொய்யா நடந்துக்கிட்டேன்னு ஆயிருமே. பையத் தூக்கி அடுப்புல போட்டுருவாங்க. அப்பறம் என்னைய ஆரு நம்புவாங்க?"

 வீட்டில் பாம்பு இல்லை என்று இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. இருந்தும் அன்று முழுக்க நான் காலைத் தூக்கிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஊரே நம்புகிற பாம்பு, எனக்காகவா சும்மா இருக்கும்?

விஷயம் பாம்போடு நிற்கவில்லை. இத்தனை வருஷம் வராத பாம்பு இப்போது ஏன் வந்தது என்று பெரியப்பா கேட்டார். கேட்டவரே பதிலும் சொன்னார். புதுசாக வீட்டுக்குள் வந்தது யார்? பக்கத்து வீட்டுக்காரி அழுகைக் கதையைச் சேர்த்தாள். "மருமவ வந்த நேரம் செரியில்ல. ஒரு மாசம் பொறந்த ஊட்டுல இருந்துட்டு வரட்டும். கூரையப் பிரிச்சுப் பாம்ப அடிச்சுப்போட்டு ஆளு அனுப்பலாம்" என்று தீர்ப்பாயிற்று. அண்ணன் தரையைப் பார்த்தார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, வெற்றிலையைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டாள்.

'ஒரு மாசம்' என்றால் என்னவென்று எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மேட்டு வீட்டு அக்கா ஒருத்தி அப்படி ஒரு மாசத்துக்குப் போனவள்தான். அந்த மாசம் முடியவே இல்லை. அண்ணியும் அப்படிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். எனக்குப் பேன் பார்த்தவர்களில் மண்டையில் குட்டாதவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் கூரை பிரித்தார்கள். பெரியப்பா கையில் தடியோடு மேலே ஏறி மூங்கில் மேல் காலை விரித்து நின்றுகொண்டு, "அந்தப் பக்கம் பாரு, இந்தப் பக்கம் பாரு" என்று ஏவினார். மேலிருந்து புல் கட்டுக் கட்டாக விழுந்தது. எலி வந்தது, தேள் வந்தது, காணாமல் போனதென்று அப்பா என்னை அடித்தாரே, அந்த மண்வெட்டிப் பிடி வந்தது. பாம்பு வரவில்லை. பாதிக் கூரை போய் வீட்டுக்குள் வெயில் இறங்கியது. காயப்போட்டிருந்த மிளகின்மேல் எல்லாம் புல்தூசி.

அண்ணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய் ஆணியிலிருந்து பையை எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் வந்தது எல்லார் முன்னாலும் புட்டியை எடுத்து வைத்து உண்மையைச் சொல்வதற்கு. ஆனால் பார்த்தவர்கள் கண்ணில் என்ன பட்டது? கையில் பையோடு மருமகள் கிளம்பிவிட்டாள். "நாஞ் சொல்லல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அந்த நேரம் பார்த்து, காட்டு வழியில் மூச்சு வாங்க ஏறி வந்து சேர்ந்தார் அத்தர் பாய். துறையூர்க் கடைவீதியில் அவருக்குச் சின்ன அத்தர்க் கடை. மிளகுக் காலத்தில் மட்டும் மலையேறி வந்து மிளகு வாங்குவார். காதில் எப்போதும் ஒரு பஞ்சு சொருகியிருப்பார். அது ரோஜாவா சந்தனமா என்று பிள்ளைகள் நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

"என்னங்க இது, ஊட்ட அவுத்துப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "வாங்க பாய், உக்காருங்க. மொதல்ல வெத்தலை போடுங்க."

வந்தவருக்கு வெற்றிலை கொடுக்காமல் பேச்சைத் தொடங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வேறு நாளாக இருந்தால் பித்தளைத் தட்டில் வைத்துத்தான் கொடுப்பாள். தட்டு கூரைப் புல்லுக்கு அடியில் எங்கோ கிடந்தது. அதனால் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலையை எடுத்து, சேலையில் துடைத்து, சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து மடித்து நீட்டினாள்.

பாய் வாயில் போட்டு மென்றார். மென்றவர் நிறுத்தினார். கண்ணை மூடினார். சுண்ணாம்பு சுட்டுவிட்டதோ என்று அப்பா செம்பை எடுத்தார். பாய் வேண்டாம் என்று கை காட்டினார்.

"அம்மணி, வெத்தலையில தாழம்பூ மணக்குதுங்களே. நம்ம கடைச் சரக்காட்டம் இருக்குதுங்க."

விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு அம்மாவின் சுருக்குப் பையைப் பார்த்து, "அதுக்குள்ள பஞ்சு கிஞ்சு வெச்சிருக்கீங்களா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.

அம்மாவின் கை பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.  நான் அண்ணியைப் பார்த்தேன். புட்டி ஒழுகவில்லை என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. ஆளில்லாத மத்தியானத்தில் அம்மா அந்த ஆணிக்குப் போயிருக்கிறாள். 'டிக்' என்று திறந்திருக்கிறாள். மூடியை எடுக்கத் தெரியாமல் மண் தரையில் கொட்டியிருக்கிறாள். கொட்டியதில் ஒரு பஞ்சை நனைத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, அப்பா கேட்டதும் பாம்பின்மேல் பழியைப் போட்டிருக்கிறாள். ஒரு வாய் வார்த்தைக்காக வீட்டுக் கூரையே போகும் என்று அவள் கண்டாளா?

அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேன்பூச்சி, கீழ்நாட்டுப் பழக்கம், வந்த நேரம் எல்லாவற்றையும் அம்மா தலையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

"நான்தானுங்க குடுத்தேன், பெரிய மாமா" என்றாள் அண்ணி, மேலே நின்ற பெரியப்பாவைப் பார்த்து. "அத்தைக்குக் கடவாப் பல்லு வலிங்க. வெளிய சொல்ல மாட்டேங்கறாங்க. தாழம்பூ அத்தரைப் பஞ்சுல நனைச்சு வெச்சாக் கேக்கும்னு ஆஸ்டல்ல சொல்லுவாங்க. அதானுங்க, பையிலிருந்து எடுத்துக் குடுத்தேன்."

பாய் அண்ணியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிரித்துப் போட்ட கூரையையும் ஒருமுறை பார்த்தார். "பல்லு வலிக்கு இத மிஞ்சி ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மெல்லத் தொடங்கினார்.

அம்மா மெதுவாகக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இடது கன்னம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா எந்தப் பல் என்று விசாரித்தபோது வலது கன்னத்தைக் காட்டினாள்.

"அப்பப் பாம்பு?" என்று மேலேயிருந்து கேட்டார் பெரியப்பா. கூரை இல்லாத வீட்டின்மேல் தடியோடு நிற்கிற மனிதர் வேறு என்ன கேட்பார்?

"பாம்பு வேறீங்க, இது வேறீங்க" என்றாள் அம்மா. "பாம்பு இல்லீன்னா அந்தப் பாலைக் குடிச்சது ஆருங்க?"

அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெரியப்பாவால் அதை மறுக்க முடியுமா? "பூண்டு வாசத்துக்கு ஓடிப்போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். ஏறினதைவிட இறங்க அதிக நேரம் பிடித்தது. பிறந்த வீட்டுப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. அண்ணி உள்ளே போய்ப் பையை அதே ஆணியில் மாட்டிவிட்டு, மிளகிலிருந்து புல்தூசி பொறுக்க உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் கூரை இல்லாத வீட்டில் அடுப்பெரிந்தது. அம்மாவும் அண்ணியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கிழங்கு உரித்தார்கள்.  பிறகு அம்மா கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் புட்டிக்கு மூடி கெட்டி இல்ல கண்ணு. வழுக்குது. அடுத்த தடவ பாய்கிட்டச் சொல்லி நல்ல மூடியாப் பாத்து வாங்கு."

"சரிங்க அத்தை."

"ரெண்டா வாங்கிரு."

என் அம்மா தன் வாழ்நாளில் கேட்ட மன்னிப்பு இது ஒன்றுதான். நான் பக்கத்திலிருந்து கேட்டேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

அதன் பிறகு ஒவ்வொரு மிளகுக் காலத்துக்கும் பாய் இரண்டு புட்டி கொண்டுவருவார். வாசலிலேயே, "பல்லு வலி மருந்து வந்திருக்குதுங்க அம்மணி" என்று குரல் கொடுப்பார். அப்பா போகிற இடமெல்லாம் தன் மனைவிக்குத் தீராத பல்வலி என்று சொல்லி வருத்தப்படுவார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மணக்க வேண்டும் என்று தோன்றினால் பல் வலிக்கும். கல்யாணத்துக்குப் போகும் முன் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வலிக்கும். எனக்கு முதல் முறை வலித்தபோது அண்ணி பஞ்சில் தொட்டுக் கொடுத்து, "ஆறட்டும் கண்ணு" என்றாள்.

பெரியப்பா போய்விட்டார், பாய் போய்விட்டார், புல்கூரை ஓடாகிப் பிறகு காங்கிரீட்டும் ஆகிவிட்டது. அம்மா மட்டும் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். கண் மங்கிவிட்டது, காது அடைத்துவிட்டது, மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. அண்ணிக்கே தலை வெளுத்துவிட்டது. எத்தனையோ பை மாறியும் 'டிக்' சத்தம் வருகிற பையாகப் பார்த்துத்தான் வாங்குவாள். பின்னாளில் கிடைப்பதெல்லாம் ஜிப் வைத்த பைகள் என்று கடைக்காரர்களைத் திட்டுவாள்.

ஒருநாள் மருந்து கொடுக்க வந்த நர்ஸ் பெண் அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அன்று ஊரில் இருந்தேன். அம்மா என்னையோ நர்ஸையோ பார்க்கவில்லை. வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "கண்ணு, பல்லு வலிக்குது" என்றாள்.

நர்ஸ் பதறிப்போய் டார்ச்சை எடுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்து, மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குழப்பத்தோடு என்னிடம் திரும்பினாள்.

"ஏனுங்க, இவங்களுக்கு ஒரு பல்லுகூட இல்லீங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து 'டிக்' என்று சத்தம் கேட்டது.

"இதோ வாரேனுங்க அத்தை" என்றாள் அண்ணி.